டாரஸ் விற்பனைக்கு: லாரி அல்ல

டாரஸை விற்கப்போகிறேன் என்று சொன்னதும் என் மைத்துனர், "உங்ககிட்ட எப்ப லாரி வந்துச்சு?" என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பக்கம் டாரஸ் என்றால் மணல் ஏற்றிக்கொண்டு போகிற லாரிதான். நான் சொல்வது அதே பெயரில் வந்த டீசல் புல்லட். என்ஃபீல்டு கம்பெனியே செய்து விற்றது.

என் அப்பா வலங்கைமானில் ஆயில் இன்ஜின் மெக்கானிக். நான் கும்பகோணத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். தொண்ணூறுகளில் இந்த வண்டி முதன்முதலாக அப்பாவிடம் வேலைக்கு வந்தபோது அவர் கொஞ்சம்கூட அசரவில்லை. கார்புரேட்டர் இல்லை, பிளக் இல்லை, பம்பும் நாசிலும்தான். "வயல்ல கிடக்கிறதுக்குச் சக்கரம் மாட்டிவிட்டிருக்கான்" என்றார். அது உண்மைதான். பம்பு செட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் வருகிற கிரீவ்ஸ் லம்பார்டினி வகை இன்ஜின் அது. 325 சி.சி., ஆறரை குதிரைத்திறன். பெட்ரோல் புல்லட்டுக்கு 18. வண்டி எடையோ இருநூறு கிலோவை ஒட்டி. மணிக்கு 65 கிலோமீட்டரைத் தொடுவதற்குள் மன்னார்குடியே வந்துவிடும். ஆனால் லிட்டருக்கு எழுபது, எண்பது கிலோமீட்டர் கொடுத்தது. அன்றைக்கு டீசல் விலையும் பெட்ரோலைவிட நன்றாகவே குறைவு. இங்கே பாதி வீட்டில் ஆயில் இன்ஜினுக்கென்று டீசல் கேன் திண்ணையிலேயே இருக்கும். வண்டிக்கும் அதிலிருந்தே ஊற்றிக்கொள்வார்கள்.

2000-ஐ ஒட்டிப் புகைக் கட்டுப்பாடு இறுகியபோது கம்பெனி இதை நிறுத்திவிட்டது. வண்டிகள் எங்கே போயின என்றால், எங்கும் போகவில்லை. உதறல் தாங்காமல் நிறையப் பேர் டீசல் இன்ஜினைக் கழற்றிவிட்டுப் பழைய பெட்ரோல் இன்ஜினைப் போட்டுக்கொண்டார்கள். கழற்றியதை வாங்க ஆள் தயாராக இருந்தார்கள். இதற்கு நேர்மாறாக, பெட்ரோல் புல்லட்டில் பம்பு செட் இன்ஜினை மாட்டி ஓட்டியவர்களும் உண்டு. அதை இப்போது டாரஸ் என்று சொல்லி விற்கிறார்கள். யாராவது காட்டினால் முதலில் ஆர்.சி. புக்கைக் கேளுங்கள். எரிபொருள் என்ற இடத்தில் டீசல் என்று இல்லாவிட்டால் டீ குடித்துவிட்டுக் கிளம்பலாம்.

எனக்குக் கிடைத்தது மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது கொட்டகை மேல் தென்னை விழுந்து, டேங்கில் உள்ளங்கை அளவுக்கு ஒரு நசுங்கல். மற்றபடி மட்கார்டு, ஹேண்டில்பார், கியர் பாக்ஸ் எல்லாம் அதனதன் இடத்தில். இன்ஜின் மட்டும் பெட்ரோல். ஆனால் ஆர்.சி.யில் டீசல் என்றே இருந்தது, இன்ஜின் நம்பரும் பழையதுதான். மாற்றியதை யாரும் ஆபீஸில் பதியவே இல்லை. சட்டப்படி தப்பு. எனக்கு அது நல்லதாகப் போயிற்று. நாற்பதாயிரம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டேன். வண்டிக்காரர் இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. மூன்று மகன்கள், சிங்கப்பூரில் ஒரு மகள். படிவம் 31-இல் வாரிசுப் பெயருக்கு மாற்றி, பிறகு என் பெயருக்கு மாற்றி முடிக்க ஏழு மாதம் ஓடியது. அதைப் பற்றி எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும், வேண்டாம்.

இன்ஜினை யார் கழற்றியது என்று விசாரித்ததில் நீடாமங்கலத்தில் ஒரு பழைய மெக்கானிக் பெயர் வந்தது. அவரைப் பார்க்கப் போன அன்று ரயில்வே கேட்டில் நாற்பது நிமிடம் நின்றேன் (இது நீடாமங்கலம் போகிற எல்லோருக்கும் தெரிந்த கதைதான்). அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில் குத்தகை விவசாயி ஒருவருக்குக் கொடுத்ததாகச் சொன்னார்.

நான் போனது மே மாதக் கடைசி. குறுவைக்கு நாற்றங்கால் விட்டிருந்தார்கள். வரப்போரம் இரண்டு மரச்சட்டத்தில் அது உட்கார்ந்து பெல்ட்டில் பம்பை இழுத்துக்கொண்டிருந்தது. மேலே பச்சை பெயின்ட், அதன் மேல் கருப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இருந்தாலும் நம்பர் பார்க்க வேண்டுமே. பெரியவர் இன்ஜினை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. "நாத்து கிடக்கு. ஆத்துல தண்ணி வரட்டும், அப்புறம் பாப்போம் தம்பி" என்றார்.

2025 ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தார்கள். தண்ணீர் கல்லணை வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, அவர் வாய்க்கால் மடைக்கு வந்து சேர்ந்தபோது மாதம் முடியப்போகிறது. போன் அவர்தான் செய்தார். நான் ஆர்.சி.யைப் பிரித்து வைத்துக்கொள்ள, அவர் பேரன் இன்ஜினில் விரல் வைத்து ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். எல்லாம் சரியாக வந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒன்றா ஏழா என்று சந்தேகம். மண்ணெண்ணெய் ஊற்றிக் கோணித்துணியால் தேய்த்துப் பார்த்தோம். ஏழு.

பெரியவர் பணம் கேட்கவில்லை. "இதுக்கு ஈடா ஓடுறது ஒண்ணு வேணும், நடவுக்குள்ள" என்றார். பழைய ஐந்து குதிரைத்திறன் ஆயில் இன்ஜின் ஒன்றை வாங்கி, ரிங், பேரிங் எல்லாம் மாற்றிக் குட்டி யானையில் கொண்டுபோய் இறக்கினேன். செலவு வண்டி விலையைத் தொட்டது. அதில் எனக்கு வருத்தம் இல்லை, மனுஷன் முப்பது தடவையாவது ஆயில் மாற்றியிருப்பார். உள்ளே பிரித்தால் சிலிண்டரில் கோடு இல்லை. தேய்ந்த புஷ்களுக்கு நாச்சியார்கோயிலில் குத்துவிளக்கு வார்க்கிற பட்டறையில் வெண்கலம் ஊற்றி வாங்கி, என் லேத்தில் கடைந்துகொண்டேன்.

இப்போது வண்டி எஃப்.சி. காட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்து நிற்கிறது. புகை டெஸ்ட் எடுத்த பையன் "டூவீலர்ல டீசலாண்ணே?" என்று இரண்டு தடவை கேட்டான். இதை விண்டேஜ் என்று பதியலாமா என்று சிலர் கேட்கிறார்கள். முடியாது. 2021 விதிப்படி வண்டிக்கு ஐம்பது வயது தாண்டியிருக்க வேண்டும். அப்படிப் பதிந்தால் நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும், ஆனால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் தவிரத் தினசரி ஓட்டக்கூடாது. திருவையாறு பக்கம் ஒரு மிராசுதார் வீட்டில் மெட்ராஸில் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஒன்று வைக்கோலுக்கு நடுவே நிற்கிறது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுதும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். அதற்கு அந்த விதி பொருந்தும். அவர்கள் விற்க மாட்டார்கள், நான் கேட்டாயிற்று.

பெங்களூரிலிருந்து ஒருவர் டேங்கைப் பட்டி பார்த்துப் புது பெயின்ட் அடித்தால் உடனே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அடிக்க மாட்டேன். வாங்கிய பிறகு அவர் பாடு. ஸ்பீடாமீட்டர் இந்த வண்டியுடையது அல்ல. சைலன்சர் நான் செய்தது. இடது டூல் பாக்ஸ் மூடி இல்லை. இன்ஜினில் பச்சை பெயின்ட் இடுக்குகளில் இன்னும் இருக்கிறது. விலை ஒரு லட்சத்து எண்பதாயிரம்.

பார்க்க வருபவர்கள் காலை ஏழு மணிக்குள் பட்டறைக்கு வந்துவிடுங்கள். இன்ஜினை நீங்களே தொட்டு, குளிர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிக்கரை மிதியுங்கள். மூன்றாவது மிதியில் பிடிக்கும். மழை நாளென்றால் ஐந்து.