ஒன்றும் ஆகாது என்கிறவர்களுக்கு

வியாழக்கிழமை பாளையங்கோட்டையில் அத்தைக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் “விசுவாசமாக இருங்கள், ஒன்றும் ஆகாது” என்கிறார்கள். எனக்கு அந்த ‘ஒன்றும் ஆகாது’ பிடிப்பதில்லை. “மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்” என்றுதானே பைபிளில் 23ஆம் சங்கீதம் சொல்கிறது? பள்ளத்தாக்கே வராது என்று அதில் எங்கும் இல்லை. கூட ஒருவர் வருகிறார், அவ்வளவுதான் வாக்கு.

நம் திருநெல்வேலிப் பக்கத்து டோனாவூரையே பாருங்கள். கோயிலுக்கு நேர்ந்துவிடப்படவிருந்த பெண் குழந்தைகளை 1901 முதல் அங்கே எடுத்து வளர்த்தவர் அயர்லாந்திலிருந்து வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல். 1931இல் கீழே விழுந்தார். 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் படுக்கைதான். அவருக்காக ஜெபிக்க ஆளா இல்லை? எழுந்து நடமாடவில்லை. ஆனால் அந்த அறையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றவருக்குப் பிள்ளைகள் பறவைகள் நீர் குடிக்கும் தொட்டி ஒன்றை வைத்திருக்கிறார்கள். கர்த்தர் கூட இல்லாத வாழ்க்கை என்று அதை யார் சொல்வார்?

அத்தை எங்களைவிடத் தெளிவு. “ஆண்டவர் உள்ளே வருவார், நீ வெளியே மாமாவைச் சாப்பிட வை” என்கிறார். அடுத்த மாதம் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசன விருந்துக்குத் தன் பங்கு அரிசியையும் இப்போதே சபைக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். காலை எட்டு மணிக்கு ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.