கூலி குறையவில்லை, மூட்டைதான் குறைந்தது

கூடுவாஞ்சேரிப் பக்கம் சிமெண்ட், கம்பி விற்கும் கடையில் பல வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். கட்டட வேலை மந்தமாகிறது என்று பேப்பரில் வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும், லோடுமேன் நோட்டைப் புரட்டினால் போதும். அவர்களுக்கு மூட்டைக் கணக்கில்தான் கூலி. ஏற்றியது எத்தனை, இறக்கியது எத்தனை என்று குறித்து வைத்து சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிக் கொடுப்பேன்.

2016 செப்டம்பரில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட்டது. வயலும் ஏரிக்கரையும் கண்டபடி பிளாட்டாகிக் கொண்டிருந்த நேரம், அந்த உத்தரவு தேவைதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதலில் எங்களுக்கு ஒன்றும் உறைக்கவில்லை, ஏற்கெனவே அஸ்திவாரம் போட்ட வீடுகளுக்கு லோடு போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் பதிவு நின்றால் பேங்க் லோன் நிற்கும், லோன் நின்றால் புது வீட்டுக்குக் கடைக்கால் தோண்ட மாட்டார்கள், அப்புறம் எங்கள் கடைக்கு யார் வருவார்கள்?

அதற்குள் நவம்பர் 8 வந்துவிட்டது. 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது. வாரத்துக்கு 24,000 ரூபாய்தான் பேங்கில் எடுக்கலாம் என்றால், வீடு கட்டுகிறவர் மேஸ்திரிக்கு எதைக் கொடுப்பார், மேஸ்திரி கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் எதைக் கொடுப்பார்? கையில் பணமாகவே ஓடும் தொழில் இது.

குடோனில் சிமெண்ட் தேங்கியது. மூன்று மாதம் தாண்டினால் வலு குறையும், அதனால் தினமும் அடி வரிசை மூட்டைகளின் மூலையை அழுத்திப் பார்ப்பேன். சிலது கல்லாக இறுகியிருந்தது. முதலாளி அந்த நஷ்டத்தை எழுதிக்கொண்டார், கம்பெனியிடம் தவணை கேட்டார், எப்படியோ சமாளித்தார். லோடுமேன்கள் யாரிடம் தவணை கேட்பார்கள்? கூலி ஒரு பைசா குறையவில்லை, மூட்டைதான் பாதிக்கும் கீழே போனது. எட்டுப் பேரில் ஒருவர், வயதில் மூத்தவர், வேலை இல்லாவிட்டாலும் காலையிலேயே வந்து துண்டை விரித்து உட்கார்ந்திருப்பார். "தம்பி, ஒரு லோடாவது வருமாப்பா?" என்று கேட்பார். நான் நோட்டைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொள்வேன்.

2017 மே மாதம் மனைகளை வரன்முறைப்படுத்தும் திட்டம் வந்தபின் மெதுவாக வியாபாரம் எழுந்தது. அப்புறம் 2020 ஊரடங்கு. அது தளர்ந்ததும் பாதியில் நின்ற வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் போன் செய்தார்கள், லாரி வாசலில் நிற்கிறது, இறக்க ஆள் இல்லை. பழைய எட்டுப் பேரில் மூன்று பேர்தான் திரும்பி வந்தார்கள். துண்டை விரித்து உட்கார்ந்திருந்தவர் ஏதோ அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் என்றார்கள். இத்தனை வருடம் மூட்டை தூக்கிய பழக்கம் உள்ள ஆளை ஒரே வாரத்தில் உருவாக்க முடியாது. மந்தமான நாளில் அவர்களைக் கைவிட்டதற்கான விலையை நல்ல நாளில்தான் கொடுத்தோம்.

வேலை இல்லாத நாளுக்கும் குறைந்தபட்சக் கூலி என்று ஒன்று வைக்கலாமே என்று முதலாளியிடம் கேட்டேன். நிறைய யோசித்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார். நோட்டில் அதற்குத் தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். மற்ற மாதங்களுக்கும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.