41 மிட்டாய் மெஷின்கள், ஒரு சமையலறைத் தராசு

போன வாரம் ஒரு தோழி போன் செய்து, "மிட்டாய் மெஷின் வாங்கி வைத்தால் நாம் தூங்கும்போதும் காசு விழுமாமே, நானும் பத்து மெஷினுக்கு முன்பணம் கட்டட்டுமா?" என்று கேட்டாள். யாரோ வீடியோவில் சொல்லியிருக்கிறார்கள். கட்டாதே, முதலில் நான் சொல்வதைக் கேள் என்று அரைமணி நேரம் பேசினேன். மாதம் ஒருவராவது இதையே கேட்பதால் அதை இங்கே விரிவாக எழுதி வைக்கிறேன்.

கடைவாசலில் இரும்புக் கால் மேல் ஒரு கண்ணாடிக் குண்டு நிற்குமே, கால் டாலர் போட்டுத் திருகினால் ஒரு கம்பாலோ (சூயிங்கம் உருண்டை) கொஞ்சம் ஸ்கிட்டில்ஸோ (பழச்சுவைக் குட்டி மிட்டாய்) கையில் விழும், அதுதான். பல்க் வெண்டிங் என்பார்கள். மின்சாரம் வேண்டாம், வைஃபை வேண்டாம், உள்ளே ஒரு பல்சக்கரமும் ஒரு ஸ்பிரிங்கும் ஒரு காசுப் பெட்டியும் மட்டும். அமெரிக்காவில், டெக்சஸ் மாநிலத்து டல்லாஸுக்கு வடக்கிலும் மேற்கிலும், கரோல்டன், லூயிஸ்வில், இர்விங் பக்கம் 33 இடங்களில் எனக்கு 41 மெஷின்கள் இருக்கின்றன.

நான் இதற்கு வந்த வழி பலருக்குப் புரியும். 2011-ல் எச்-4 விசாவில் வந்தேன், எச்-1பி எனும் வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குத் தருவது அது. ஊரில் கணக்காளராக வேலை பார்த்தவள், இங்கே நாலு வருஷம் சட்டப்படி ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க முடியாமல் வீட்டில் இருந்தேன். 2015 மே 26-ல்தான் எச்-4 மனைவி, கணவர்களுக்கு வேலை அனுமதி தரும் விதி நடைமுறைக்கு வந்தது, அதுவும் பெரும்பாலும் எச்-1பி வைத்திருப்பவரின் ஐ-140 எனும் கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருந்தால். அந்த அட்டை என் கைக்கு வந்த அன்று நான் அழுதேன். அதில் சொந்தத் தொழிலும் செய்யலாம். (எச்-1பியில் இருப்பவர்கள் தங்கள் பெயரில் இதை நடத்தலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம், வழக்கறிஞரைக் கேட்காமல் ஒரு மெஷினைக்கூடத் தொடாதீர்கள்.) குழந்தை பள்ளியிலிருந்து மூன்று மணிக்கு வந்துவிடும், அதற்குள் முடிகிற வேலை வேண்டும், பெரிய முதல் கிடையாது. அப்போதுதான் கிரெய்க்ஸ்லிஸ்ட் எனும் விளம்பரத் தளத்தில், ஓய்வு பெறப்போகும் ஒரு பெரியவர் எட்டு மெஷின்களை 40 டாலர் வீதம் விற்பதைப் பார்த்தேன்.

அந்த எட்டில் ஐந்து நார்த்வெஸ்டர்ன் மெஷின்கள், இல்லினாய் மாநிலத்தில் செய்தவை. பழசுதான், ஆனால் முழுக்க இரும்பு, உதிரி பாகம் இன்றும் கிடைக்கிறது. மற்ற மூன்றும் பிளாஸ்டிக், இரண்டு வருஷத்தில் கைப்பிடி உடைந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் முதல் வார்த்தை இதுதான்: நல்ல இரும்பு மெஷினாகப் பழசு வாங்குங்கள்.

"மெஷினும் தருகிறோம், இடமும் பிடித்துத் தருகிறோம், மாதம் இவ்வளவு வரும்" என்று மொத்தமாக விற்கிற ஆட்களிடம் போகவே வேண்டாம். அப்படியே போனாலும் ஒன்று செய்யுங்கள். எஃப்.டி.சி. எனும் மத்திய வர்த்தக ஆணையத்தின் விதிப்படி, இப்படித் தொழில் வாய்ப்பு விற்கிறவர் கையெழுத்துக்கும் பணத்துக்கும் குறைந்தது ஏழு நாள் முன்னால் ஒரு பக்க விவரத்தாள் தர வேண்டும். அவர் மேல் வழக்குகள் இருந்திருந்தால் அதில் இருக்கும். இவ்வளவு சம்பாதிக்கலாம் என்று சொன்னால் அதற்கும் எழுத்தில் ஆதாரம் தர வேண்டும். 2012 மார்ச் முதல் இந்த விதி இருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டதும் குரல் மாறுகிறதா என்று பாருங்கள்.

இடம் பிடிப்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். தெரியாத கடைக்குள் நுழைந்து பேசக் கூச்சமாக இருந்ததால், போனிலேயே இடம் பிடித்துத் தரும் ஒரு கம்பெனிக்கு இடத்துக்கு 45 டாலர் வீதம் ஆறு இடங்களுக்குக் கட்டினேன். மெஷினோடு போய் நின்றால் ஒன்று வருமான வரி நிரப்பித் தரும் ஆபீஸ், ஏப்ரல் முடிந்தால் ஈ, காக்கை இல்லை. இரண்டு மாதத்துக்குள் நாலு இடங்களில் எடுத்துப் போகச் சொன்னார்கள். அதில் ஒரு கடைக்காரம்மா, "காசு முழுக்க நோய்வாய்ப்பட்ட குழந்தைகளுக்குப் போகிறது என்றுதானே போனில் சொன்னார்கள்?" என்று கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. நான் அப்படிச் சொல்லவே இல்லை.

இந்தத் தொண்டு ஸ்டிக்கர் விஷயத்தில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. மெஷினுக்கு மாதம் ஒரு சிறு தொகையைத் தொண்டு நிறுவனத்துக்குக் கட்டினால் அதன் பெயர் போட்ட ஸ்டிக்கரை மெஷினில் ஒட்டிக்கொள்ளலாம், நிறையப் பேர் செய்கிறார்கள். ஆனால் காசு போடும் அம்மாவோ அப்பாவோ முழுக் கால் டாலரும் அங்கே போகிறது என்று நம்பித்தான் போடுகிறார்கள். அந்த நம்பிக்கையில் நான் சம்பாதிக்க மாட்டேன். அதற்குப் பதில் கடைக்காரருக்கு 20 சதவீதம் கொடுக்கிறேன், அங்கேயே, அப்போதே.

அந்தக் கம்பெனியோடு பட்ட பிறகு நானே கடை கடையாக ஏறினேன். செவ்வாய், புதன் காலை பத்து மணி வாக்கில் போக வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் உணவகத்துக்குள் நுழைந்து பேச்சுக் கொடுத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? மெஷினைத் துடைத்து மிட்டாய் நிரப்பி காரிலேயே வைத்துக்கொண்டு போவேன். "இரண்டு மாதம் வைத்துப் பார்க்கிறேன், பிடிக்காவிட்டால் ஒரு போன் போடுங்கள், வந்து எடுத்துவிடுகிறேன்" என்று மட்டும் சொல்வேன். பத்தில் ஏழு பேர் வேண்டாம் என்பார்கள். முதல் மூன்று நாள் அந்த 'வேண்டாம்' நெஞ்சில் தைத்தது, அப்புறம் பழகிவிட்டது. கடைக்காரர்களில் பாதிக்குமேல் மெக்சிகோக்காரர்கள் என்பதால் ஸ்பானிஷில் ஒரு இருபது வாக்கியம் கற்றுக்கொண்டேன், அது எந்த விளம்பரத்தைவிடவும் உதவியது.

எது நல்ல இடம்? மக்கள் காத்திருக்க வேண்டும், கூடவே குழந்தை இருக்க வேண்டும், கையில் சில்லறை இருக்க வேண்டும். மூன்றும் சேர்வது வாஷட்டீரியாவில். டெக்சஸில் காசு போட்டுத் துணி துவைக்கும் கடைக்கு அதுதான் பெயர். அங்கே சில்லறை மாற்றும் பெட்டியே சுவரில் இருக்கும். அடுத்தது டாக்கேரியா எனும் சிறு மெக்சிகன் உணவகங்கள், முடிதிருத்தும் கடை, டயர் கடை. நம்மவர் மளிகைக்கடைகளில் கூட்டம் இருக்கிறது, ஆனால் யாரும் நிற்பதில்லை, அட்டையைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே மூன்று வைத்து இரண்டை எடுத்துவிட்டேன். ஒரு ஹைதராபாத்காரர் கடையில் மட்டும் நன்றாகப் போகிறது. அவர் முதலில் கேட்டது, விலங்குகளிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இதில் இருக்கிறதா என்றுதான். ஸ்கிட்டில்ஸில் இப்போது ஜெலட்டின் இல்லை, பாக்கெட்டையே கொண்டுபோய்க் காட்டினேன்.

என்ன நிரப்புவது என்பதில் நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் கோடையில் வேர்க்கடலை எம் அண்ட் எம் சாக்லேட் போட்டேன், விற்பனை அமோகம். ஆகஸ்ட்டில் மேற்குப் பார்த்த ஜன்னல் ஓரம் நின்ற மெஷினில் எல்லாம் ஒட்டிக் கட்டியாகிவிட்டது, சக்கரத்தைக் கழற்றி வெந்நீரில் ஊறவைத்தேன். அதோடு வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகள் இங்கே நிறைய. ஒரே மெஷினில் இரண்டு பக்கம் இருந்து ஒரு பக்கம் கடலை என்றால், தட்டில் தூள் கலக்காது என்று நான் எப்படி உறுதி சொல்வது? நிறுத்திவிட்டேன். இப்போது பெரும்பாலும் கம்பால், கொஞ்சம் ஸ்கிட்டில்ஸ், சில இடங்களில் பொம்மை போட்ட சின்ன டப்பா.

கம்பாலில்தான் கணக்கு சுத்தமாக நிற்கும். ஒரு அங்குல கம்பால் பெட்டிக்கு 850 வரும். கால் டாலர் வீதம் 212 டாலர் 50 சென்ட். எனக்குப் பெட்டி 45 டாலர் அளவில் ஆகிறது, கடைக்காரருக்கு 42.50, மீதி 125. உருகாது, எண்ணிக்கை தவறாது. ஸ்கிட்டில்ஸ் அப்படியில்லை. அளவுச் சக்கரத்தை ஒரு பல் கூட்டி வைத்தால் லாபம் அத்தனையும் குழந்தையின் உள்ளங்கைக்குப் போய்விடும், ஒரு பல் குறைத்தால் அந்தக் குழந்தை மறுபடி வராது. நான் பத்து, பதினொன்று விழும்படி வைத்திருக்கிறேன். டெக்சஸில் 50 சென்ட் வரை விற்கும் பல்க் மெஷின் மிட்டாய்க்கு விற்பனை வரி கிடையாது, மற்ற மாநிலத்தில் இருப்பவர்கள் உங்கள் ஊர் விதியைப் பாருங்கள். 20 மெஷினைத் தொட்டுவிட்டால் எஃப்.டி.ஏ. எனும் உணவு, மருந்து ஆணையத்தின் விதிப்படி கலோரி விவரத்தை ஒட்ட வேண்டும், அதை மறந்துவிடாதீர்கள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்தது. இந்தத் தொழில் துணியிலும் சோப்புத் தண்ணீரிலும் இருக்கிறது. ஒரே டயர் கடை, ஒரே மெஷின். நான் பத்து வாரம் போகாமல் விட்டபோது 11 டாலர் இருந்தது. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை போய்த் துடைத்து நிரப்ப ஆரம்பித்ததும் அந்த ஐந்து வாரத்திலேயே 19, 20 என்று வந்தது. அப்பாவுக்குச் சாத்தூர் பக்கம் ஒரு பெட்டிக்கடை இருந்தது. இந்தக் கணக்கை அவரிடம் போனில் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "பாட்டில் பாதிக்குக் கீழ இறங்கிட்டா பிள்ளைக அதக் கேக்காதுக தாயி, பழைய சரக்குன்னு கண்ணுக்கே தெரிஞ்சிரும்" என்றார். அன்றிலிருந்து எந்தக் குண்டும் பாதிக்குக் கீழே இறங்குவதற்குள் போய்விடுகிறேன். வெளிக் கண்ணாடி, காசு போடும் வாய், மிட்டாய் விழும் மூடி, மூன்றையும் துடைப்பேன். அந்த மூடியில் எத்தனை குழந்தைகளின் விரல் படுகிறது! என் பிள்ளை கைவைக்கிற மாதிரி நினைத்துத்தான் துடைக்கிறேன்.

அப்புறம் தராசு. கால் டாலர் ஒன்று 5.67 கிராம். நூறு டாலர் என்றால் 400 காசு, இரண்டேகால் கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. எண்ணிக்கொண்டிருந்தால் கடைக்காரருக்கும் பொறுமை போகும், அதனால் சமையலறைத் தராசையே காரில் வைத்திருக்கிறேன். அவர் முன்னாலேயே கொட்டி, நிறுத்து, அவர் பங்கைக் கொடுத்து, இரண்டு பேரும் நோட்டில் கையெழுத்துப் போடுவோம். ஆறு டாலர்தான் அவர் பங்கு என்றாலும் அப்படித்தான். சிலர் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுப்பார்கள், நான் விடமாட்டேன்.

அந்த நோட்டு எனக்கு எவ்வளவு பெரிய உதவி செய்தது என்று 2020-ல் தெரிந்தது. மார்ச்சில் எல்லாம் மூடியபோது கடைசியாக அள்ளி வந்த 640 டாலர் சில்லறை, பதினான்கரைக் கிலோ, கராஜில் அப்படியே கிடந்தது. கோடையில் நாடு முழுக்கச் சில்லறைத் தட்டுப்பாடு, வங்கிகளுக்கே அளந்துதான் கொடுத்தார்கள். அந்த நோட்டில் என்னோடு கையெழுத்துப் போடும் ஒரு வாஷட்டீரியா முதலாளி போன் செய்து, சில்லறை மாற்றும் பெட்டி காலி, துவைக்கும் மெஷின் ஓடவில்லை என்றார். அன்று மாலையே கொண்டுபோய்க் கொடுத்தேன், 640 டாலர் சில்லறைக்கு 640 டாலர் தாள், ஒரு சென்ட் கூடுதலாக வாங்கவில்லை. அவருக்கு வேறு இரண்டு கடைகள் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. இரண்டிலும் இடம் கொடுத்தார், இன்றும் என் மிக நல்ல இடங்கள் அவை.

வளர்ந்தது மெதுவாகத்தான். 2016 கடைசியில் 19 மெஷின். 2017-ல் ஒருவர் ஊர் மாறிப் போவதால் தன் 22 மெஷின்களை இடங்களோடு விற்றார். அவர் சொன்ன வருமானத்தை நம்பாமல், ஒரு மாதம் அவரோடு சுற்றிக் காசுப் பெட்டியைத் திறக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் விலை பேசினேன். அதற்குப் பிறகு கடைகளில் நிற்கும் எண்ணிக்கையை 41-க்கு மேல் கூட்டவே இல்லை. மூன்று முறை தொடர்ந்து மாதம் எட்டு டாலருக்குக் கீழே வரும் மெஷினை எடுத்து வேறு இடத்தில் வைப்பேன், அவ்வளவுதான். ஒன்று திருட்டுப் போனது, காலோடு தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வருமானத்தையும் சொல்லிவிடுகிறேன், இதை யாரும் சொல்வதில்லை. 2019-ல் மெஷினுக்கு மாதம் சராசரி 17 டாலர், மொத்தம் 700-க்குக் கொஞ்சம் குறைவு. இப்போது 14, மொத்தம் 574. மிட்டாய்ச் செலவும் கமிஷனும் போனால் 315 வாக்கில் நிற்கும், பெட்ரோல் தனி. மாதம் நாலு நாள் வேலை. மைல் கணக்கை மட்டும் அன்றன்றே எழுதுங்கள். 2025-க்கு ஐ.ஆர்.எஸ். எனும் வருமான வரித்துறை மைலுக்கு 70 சென்ட் அனுமதித்தது, எனக்கு மாதம் 280 மைல், 196 டாலர் கழிவு. வருமானம் குறைந்ததற்குக் காரணம் யாரிடமும் சில்லறை இல்லாததும், சரக்கு விலை ஏறியும் மெஷின் இன்னும் கால் டாலரையே கேட்பதும். பொம்மை டப்பாவுக்கு மட்டும் இரண்டு கால் டாலர் கேட்கும் காசுப் பொறி மாற்றியிருக்கிறேன். கம்பாலை மாற்ற மனமில்லை, ஒரே ஒரு காசு வைத்திருக்கும் குழந்தைக்கு அந்தக் கடையில் வேறு என்ன கிடைக்கும்?

இவ்வளவையும் கேட்டுவிட்டு, அந்த 41 போகக் கராஜில் சும்மா கிடக்கும் என் இரண்டு மெஷின்களில் ஒன்றைத் தருகிறாயா என்றாள் தோழி. சனிக்கிழமை காலை எட்டரைக்கு என்னோடு ஒரு சுற்று வா, பழைய துணி நாலு எடுத்துக்கொள், அதற்கப்புறம் பேசலாம் என்றிருக்கிறேன். முன்பணம் கேட்ட அந்த விற்பனையாளரிடம், நான் சொன்ன ஒரு பக்க விவரத்தாளையும் கேட்டுவிட்டாளாம். அனுப்புகிறேன் என்றவர் ஆறு நாளாகப் போனை எடுக்கவில்லை.