சில்லு மடங்காமல் கட்டுநாயக்கவுக்குத் திரும்பிய கதை

கொழும்பிலிருந்து சென்னைக்குப் பறக்கிறவர்களுக்குத் தெரியும், கொடுக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டுக் குப்பையைத் திருப்பிக் கொடுப்பதற்குள் இறங்க ஆயத்தமாகச் சொல்லிவிடுவார்கள். கிட்டத்தட்ட ஒன்றேகால் மணி நேரப் பயணம். போன ஆடியில் நான் போன அன்று அந்தச் சாப்பாடு வரவே இல்லை.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கட்டுநாயக்கவிலிருந்து பெரும்பாலும் கடல் பக்கமாகத்தான் எழும்புவார்கள். கீழே நீர்கொழும்புக் களப்பு, அப்புறம் கடல். வழக்கமாக எழும்பிய கையோடு காலுக்கடியில் ஒரு உறுமல், பிறகு கதவு சாத்துகிற மாதிரி ஒரு ‘டொக்’, அதோடு சத்தம் அடங்கிவிடும், சில்லுகள் உள்ளே போய்விட்டன. அன்றைக்கு அந்த ‘டொக்’ கேட்கவில்லை. காற்று அடிவயிற்றில் மோதுகிற இரைச்சல் அப்படியே இருந்தது, மேலே ஏறுவதும் ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது.

பக்கத்தில் வெள்ளவத்தை மாமி ஒருவர், மகளிடம் போகிறார். ஜன்னலால் பார்த்துவிட்டு, “தம்பி, இது ஏன் இன்னும் கீழயே போகுது? மீன்பிடி வள்ளமெல்லாம் வடிவாத் தெரியுது” என்றார்.

“தெரியேல்லை மாமி, பொறுத்துப் பாப்பம்.”

கொஞ்சத்தில் ‘சிறிய தொழில்நுட்பக் கோளாறு’ என்று அறிவிப்பு வந்தது. இந்த மூன்று சொற்களையும் யார் எழுதிக் கொடுத்தார்களோ தெரியாது, இதைப்போல வயிற்றைக் கலக்குகிற அறிவிப்பு வேறு கிடையாது, ஏனென்றால் மிச்சத்தைப் பயணிகள் தாங்களே கற்பனை பண்ணி நிரப்பிக்கொள்கிறார்கள். பின்வரிசையில் ஒருவர் என்ஜின் ஒன்று நின்றுவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார். நல்ல காலம், பிறகு கேப்டனே பேசினார்: சில்லுகள் உள்ளே மடங்கவில்லை, வெளியே பூட்டுப்பட்டுத்தான் நிற்கின்றன, சரிபார்க்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்புவோம், நேரம் எடுக்கும். விஷயம் இன்னதென்று தெரிந்ததும் பாதிச் சத்தம் அடங்கிவிட்டது.

“சில்லு வெளியில நிண்டா என்ன, அப்பிடியே சென்னைக்குப் போகலாம்தானே?” என்று முன்வரிசை அண்ணை கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொன்னது எங்கள் வரிசையில் ஓரத்தில் இருந்த பையன், கல்ஃபில் விமானப் பராமரிப்பு வேலையாம். ஏ320 மாதிரி விமானம் சில்லை வெளியே விட்டுக்கொண்டு 280 நொட் வேகத்துக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 520 கிலோமீற்றருக்கு மேல், போகக்கூடாது, அதைவிட முக்கியம் காற்று இழுக்கிற இழுவையில் எரிபொருள் தாறுமாறாக எரியும், சென்னைக்குக் கணக்குப் போட்டு ஊற்றிய எண்ணெய் அதற்கு ஆகாது என்றான். விமானம் நிலத்தில் நிற்கும்போது சில்லு தற்செயலாக மடங்காமலிருக்கச் செருகும் பின் ஒன்று உண்டு, சிவப்புத் துணி தொங்கும், அதைக் கழற்ற மறந்தாலும் இப்படி ஆகும், திரவ அழுத்தத்தால் சில்லை இயக்கும் ஹைட்ராலிக் அமைப்பின் வால்வோ சென்சரோ மக்கர் பண்ணினாலும் ஆகும். “அக்கா பயப்படாதைங்கோ, இது நல்ல வியாதி. உள்ளுக்கு மாட்டுப்பட்டு வெளியில வராட்டித்தான் கெட்ட வியாதி.” அவன் அக்கா என்றது மாமியைத்தான். மாமி முகம் கொஞ்சம் தெளிந்தது, எதனால் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கெட்ட வியாதிக்கும் வழி இருக்கிறது. ஹைட்ராலிக் அழுத்தம் போய்விட்டால் ஏ320 கொக்பிட்டில் இரு விமானிகளுக்கும் நடுவே ஒரு கைப்பிடி இருக்கிறது, மூன்று சுற்றுச் சுற்றினால் பூட்டுகள் விட்டுச் சில்லுகள் தங்கள் பாரத்தாலேயே கீழே விழுந்து நிற்கும். முன்னால் மூன்று பச்சை விளக்கு எரிந்தால் சரி. எதுவுமே வேலை செய்யாமல் வயிற்றில் இறங்கியவர்களும் உண்டு: 2011 நவம்பர் 1 அன்று போலந்து விமான நிறுவனத்தின் போயிங் 767 ஒன்று வார்சாவில் சில்லே இல்லாமல் இறங்கியது, உள்ளே இருந்த 231 பேரும் தப்பினார்கள்.

அந்த நேரம் பார்த்து இன்னொரு கூத்து. வலது பக்க ஐயா ஒருவர் கைபேசியை விமானப் பயன்முறையில் போடவே இல்லை போலிருக்கிறது, கரையோரம் தாழப் பறந்ததில் சிக்னல் கிடைத்து அவருடைய மகள் எடுக்கிறார்: “அப்பா, உங்கட பிளேன் ஏன் நீர்கொழும்புக்கு மேல சுத்துது?” வீட்டில் இருந்து ஆப்பில் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது பிள்ளை! பணிப்பெண் ஓடி வந்து அணைக்க வைத்தார். 2005-இல் முன்சில்லு 90 பாகை திரும்பிய ஜெட்புளூ விமானத்தின் பயணிகள் தங்கள் விமானத்தைப் பற்றிய நேரடிச் செய்தியை இருக்கைத் திரையிலேயே பார்த்தார்களாம். வீட்டிலிருப்பவர்களின் பாடு எப்படி என்று திருச்சிக்காரர்களைக் கேட்கவேண்டும், 2024 அக்டோபர் 11 மாலை சார்ஜாவுக்குப் புறப்பட்ட போயிங் 737 ஒன்று ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக ஊருக்கு மேல் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது.

ஏன் இவ்வளவு நேரம் சுற்ற வேண்டும் என்ற எரிச்சல் எனக்கும் வந்தது. பிறகு தேடி வாசித்தபோது அந்த ஆறுதலான வேகத்தை மெச்சத் தோன்றியது. 1972 டிசம்பர் 29, மயாமிக்குப் பக்கத்தில் ஈஸ்டர்ன் 401: முன்சில்லு இறங்கியதைக் காட்டும் சின்ன விளக்கு எரியவில்லை, பல்ப் கருகியிருந்தது, சில்லு ஒழுங்காகத்தான் இறங்கியிருந்தது. கொக்பிட்டில் இருந்த அத்தனை பேரும் அந்த பல்பையே நோண்டிக்கொண்டிருக்க, விமானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதை ஒருவரும் கவனிக்கவில்லை. 101 பேர் இறந்தார்கள். 1978 டிசம்பர் 28, போர்ட்லாந்தில் யுனைடெட் 173: சில்லுச் சந்தேகத்தில் ஒரு மணி நேரமளவில் சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது, 10 பேர் போனார்கள். இரண்டிலுமே ஆளைக் கொன்றது சில்லில்லை. இன்றைக்கு ஒருவர் விமானத்தை மட்டும் ஓட்டுவார், மற்றவர் புத்தகத்தைப் பார்த்துக் கோளாறைக் கவனிப்பார், எரிபொருள் எவ்வளவு என்று இடைக்கிடை சொல்லிக்கொள்வார்கள். இந்தப் பழக்கம் ஊன்றியதற்கு இந்த விபத்துகளும் காரணம்.

இன்னொன்று, நாங்கள் சுற்றும்போது வேறு விமானங்கள் இறங்குவதை ஜன்னலில் பார்த்தேன். எங்களை ஏன் முதலில் விடவில்லை என்று பின்வரிசைக்காரர் கொதித்தார். கட்டுநாயக்கவில் இருப்பது ஒரே ஓடுபாதை, 3,350 மீற்றர். அதன் நடுவில் நாங்கள் படுத்துவிட்டால் பின்னால் வருகிற எல்லாரும் தெற்கே இருக்கிற மத்தள விமான நிலையத்துக்கு ஓடவேண்டியதுதான், அதனால் அவர்களை முதலில் இறக்கியிருக்கலாம்.

இறக்கம் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தென்னந்தோட்டங்களுக்கு மேலாக வந்து, எப்போதும் போலத்தான் தொட்டது, இரண்டு பக்கமும் தீயணைப்பு வண்டிகள் கூடவே ஓடி வந்தன. ஓடுபாதையிலேயே நிறுத்தி ஆட்கள் சில்லுகளைச் சுற்றிப் பார்த்தார்கள், பிறகு இழுவை வண்டி வந்து இழுத்துப் போனது. கைதட்டினார்கள், மாமி மட்டும் கந்தசஷ்டி கவசத்தை விட்ட இடத்திலிருந்து முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

மாற்று விமானம் பின்னேரம். ஒரு பார்சல் சோறும் கோழிக்கறியும் தந்தார்கள், மோசமில்லை. திரும்ப எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு கைபேசி ஐயா வரவில்லை என்று தெரிந்தது, மகள் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், மனுசன் வாசலில் வைத்தே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஆள் வராமல் பெட்டி மட்டும் பறக்க விடமாட்டார்கள். அடியில் அடுக்கியிருந்த எல்லாவற்றையும் கிளறி அவருடைய பெட்டியைத் தேடி இறக்கும்வரை இன்னும் முக்கால் மணி நேரம் அங்கேயே இருந்தோம்.