தேரி மணலில் 50 வாட்

எங்கள் கல்லூரிச் சமுதாய வானொலிக்கான டிரான்ஸ்மிட்டர் வந்து இறங்கிய அன்று, அதை அட்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கக்கூட நான் விடவில்லை. மாணவர்களுக்கு வருத்தம்தான். அனுமதிக் கடிதம், அலைவரிசை ஒதுக்கீடு, கோபுரம் நிறுத்தும் இடத்துக்கு அலைவரிசை ஒதுக்கீட்டு ஆலோசனைக் குழுவான சாக்ஃபாவின் ஒப்புதல் என்று நாள் எண்ணிக் காத்திருந்த பிள்ளைகள் அவர்கள். "ஒரே ஒரு முறை மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமே சார்" என்று சுற்றி நின்று கேட்டார்கள். ஆண்டெனா இன்னும் ஏறவில்லை, எர்த் அளக்கவில்லை. ஆண்டெனா போன்ற சுமை எதையும் இணைக்காமல், டிரான்ஸ்மிட்டரில் திறனைப் பெருக்கும் பவர் ஆம்ப்ளிஃபயரை இயக்கினால், வெளியேற வழியில்லாத மின்திறன் அதன் டிரான்சிஸ்டர் மீதே திரும்பி வரும். இன்றைய கருவிகளில் பாதுகாப்புச் சுற்று இருக்கிறது. அதை முதல் நாளே சோதனைக்கு உள்ளாக்க எனக்கு மனமில்லை. பெட்டி ஐந்து வாரம் மூடியே இருந்தது.

எங்கள் கல்லூரி தூத்துக்குடி மாவட்டத்தின் தென்பகுதியில், தேரிக்காட்டின் ஓரத்தில் இருக்கிறது. செம்மணலும் பனையும் உடைமுள்ளும்தான் சுற்றுப்புறம். நான் மின்னணுத் துறையின் ஆய்வகப் பொறுப்பாளன். 2004 பிப்ரவரி 1 அன்று சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி தொடங்கிய செய்தியைப் படித்த நாளிலிருந்து, இப்படி ஒன்று எங்கள் பக்கத்திலும் வேண்டும் என்று ஆசைப்பட்டவன். எங்களுக்குக் கிடைத்த அனுமதி 50 வாட் டிரான்ஸ்மிட்டர். ஆண்டெனா அலையைக் குவிப்பதால் கூடும் பலனையும் சேர்த்து வெளியேறும் திறன் 100 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆண்டெனாவின் உயரம் 30 மீட்டருக்குள். தூத்துக்குடி வானொலி நிலையத்தின் 200 கிலோவாட் மத்திய அலையைக் கேட்டு வளர்ந்த ஊர் இது. அதில் நாலாயிரத்தில் ஒரு பங்குதான் எங்களுடையது. ஆனால் எங்கள் இலக்கு சுற்றியுள்ள ஊர்கள் மட்டுமே. அதற்கு இது போதும்.

எர்த்திலிருந்து தொடங்கினோம். வழக்கம்போல மூன்று மீட்டர் ஆழக் குழி, இரும்புக் குழாய், கரி, உப்பு. எர்த்தின் மின்தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு நாள் தண்ணீர் ஊற்றி அளந்தபோது 14 ஓம் காட்டியது. முதலில் மீட்டர் மீதுதான் சந்தேகம் வந்தது. அளப்பதற்காக 50 மீட்டர் தள்ளி ஒரு முளையும், அதில் 62 சதவீதத் தொலைவில், அதாவது 31 மீட்டரில் இன்னொரு முளையும் அடித்திருந்தோம். உலர்ந்த தேரி மணலில் அந்த முளைகளுக்கே சரியான பிடிப்பு இல்லை. அவற்றின் அடியில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி மறுபடி அளந்தேன். 12 ஓம். ஆக, மீட்டர் சொன்னது உண்மைதான். தேரி மணல் மழையை உறிஞ்சிக் கீழே அனுப்பிவிடும்; மேலே ஈரம் தங்காது. உப்பும் தண்ணீரோடு கரைந்து போய்விடும்.

வளாகத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் ஒரு தாழ்வான மூலை உண்டு. குழிகளை அங்கே கொண்டுபோனோம். நான்கு மின்வாய்கள், ஒவ்வொன்றும் தன் நீளத்தின் இரண்டு மடங்கு இடைவெளியில். கரிக்கும் உப்புக்கும் பதிலாக, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பென்டோனைட் களிமண். நான்கையும் செப்புப் பட்டையால் இணைத்து, கோபுரத்தின் கால் வரைக்கும் அங்கிருந்து டிரான்ஸ்மிட்டர் அறை வரைக்கும் கொண்டுவந்தோம். 1.8 ஓம் ஆனது. இதைச் சித்திரை வெயிலில் அளந்தோம் என்பதுதான் எனக்கு நிறைவு. கார்த்திகையில் அளந்தால் எந்த எர்த்தும் நன்றாகத்தான் இருக்கும்.

இந்த இடத்தில் ஒரு வாக்குவாதம் நடந்தது. இடிதாங்கியின் எர்த்தும் கருவிகளின் எர்த்தும் ஒன்றையொன்று தொடவே கூடாது என்று மின்பணியாளர் உறுதியாகச் சொன்னார். இடி கருவிக்குள் வந்துவிடும் என்பது அவருடைய பயம். பயம் நியாயமானது, முடிவு தவறு. இரண்டும் தனித்தனியாக இருந்தால், கோபுரத்தில் இடி விழும் நொடியில் அவற்றுக்கு இடையே பல்லாயிரம் வோல்ட் வேறுபாடு எழும். கோபுரத்தையும், கருவிகளை அடுக்கி வைக்கும் இரும்புச் சட்டமான ரேக்கையும் இணைக்கும் ஒரே பாலம் ஆண்டெனா கேபிள். எல்லாம் அதன் வழியே பாயும். இடிதாங்கியின் கம்பி தனியாகவே இறங்கட்டும், மண்ணுக்குள் எல்லாம் ஒன்றாகட்டும் என்று படம் வரைந்து காட்டிய பிறகு ஒப்புக்கொண்டார். பனைமரங்களில் இடி விழுந்து கருகுவதை ஆண்டுதோறும் பார்க்கும் ஊரில் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது.

ரேக் வேலை எளிது என்று நினைத்திருந்தேன். 19 அங்குல ரேக் என்றால் அகலம் மட்டும்தான் தரப்படுத்தப்பட்டது; உயரத்தை 44.45 மில்லிமீட்டர் கொண்ட 'யு' அளவால் கணக்கிடுவார்கள். ஆழம் அவரவர் விருப்பம். நான் வாங்கியது 600 மில்லிமீட்டர் ஆழம். ஆம்ப்ளிஃபயரைப் பொருத்திப் பார்த்தால், பின்பக்கக் கனெக்டருக்கும் கதவுக்கும் இடையே நான்கு விரல் இடம். அரை அங்குல நெளிவுக் கேபிளை 125 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைக்கக் கூடாது. வளைத்தால் உள்ளே செம்பு நசுங்கிவிடும். கதவைக் கழற்றிவிடலாம் என்றார்கள் சிலர். எலியும் ஓணானும் உலவும் இடத்தில் கதவில்லாத ரேக்கை நான் விரும்பவில்லை. அதைத் திருப்பி அனுப்பி, 800 மில்லிமீட்டர் ஆழத்தில் வேறொன்று வரவழைத்தேன். பத்து நாள் போயிற்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பக்கத்து நான்கு திருகுகள் கருவியை நகராமல் பிடிப்பதற்கு மட்டுமே. எடையைத் தாங்குவதற்கு அல்ல. ஆம்ப்ளிஃபயரைக் கீழே, பக்கவாட்டுத் தாங்கிகள் மீது உட்காரவைத்தோம். அதற்கு மேல் ஒரு யு இடைவெளி விட்டு, ஒலியை வானொலி அலையில் ஏற்றித் தரும் எக்சைட்டர். காலியான இடங்களைத் தகடு போட்டு மூடினோம். இல்லாவிட்டால் பின்னால் வெளியேறும் வெப்பக் காற்று சுற்றி வந்து மறுபடி முன்பக்கமாகவே நுழையும். 50 வாட் கருவி பெரிதாகச் சூடாகாது. எங்களுக்குக் கவலை ஆடிக் காற்றுதான். அந்தக் காற்றில் தேரி மணல் இடம்விட்டு இடம் நகரும். செந்தூசி சாவித் துவாரத்தின் வழியாகக்கூட வரும். சன்னலை நிரந்தரமாக அடைத்து, காற்று நுழையும் இடத்தில் கழுவக்கூடிய பஞ்சு வடிகட்டி வைத்தோம். வாரம் ஒரு முறை கழுவும்போது வாளித் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகிவிடுகிறது.

கோபுர வேலைக்கு வந்த அண்ணாச்சி பனையேறிக் குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய தகப்பனார் காலம் வரை பதநீர் இறக்கியவர்கள். இவர் கோபுரங்களுக்கு மாறிவிட்டார். இடுப்பு வாரை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் காலை எடுத்து வைப்பார். ஆண்டெனாவின் இரண்டு கம்பி உறுப்புகளான டைபோல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக, நான் குறித்துக் கொடுத்த இடைவெளியில் ஒரே நாளில் பொருத்திவிட்டார். அறையிலிருந்து ஆண்டெனா வரை 40 மீட்டர் கேபிள். மெல்லிய சாதாரணக் கேபிள் போட்டிருந்தால் ஏறக்குறைய பாதித் திறன் வழியிலேயே வெப்பமாகப் போயிருக்கும். அரை அங்குலக் கேபிளில் இழப்பு ஒரு டெசிபல் அளவுதான்: கீழே 50 வாட் கொடுத்தால் மேலே 40 வாட் சேரும். இரண்டு டைபோல்களின் பலன் மூன்று டெசிபல், அதாவது இரண்டு மடங்கு. ஆக 80 வாட். எல்லைக்குள் நிற்கிறோம்.

முதலில் ஆண்டெனாவை இணைக்கவில்லை. ஆம்ப்ளிஃபயரின் வாயில், ஆண்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கி வெப்பமாக்கும் 50 ஓம் டம்மி லோடு. ஐந்து வாட்டில் அரை மணி நேரம், இருபதில் அரை மணி நேரம், பிறகு ஐம்பதில் இரண்டு மணி நேரம். வெப்பம் ஏறி ஓரிடத்தில் நின்றது. அதன் பிறகே ஆண்டெனா. முன்னே செல்வது 50 வாட், ஆண்டெனா ஏற்காமல் திரும்பி வருவது 0.4 வாட். மாணவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

ஒலியில் ஒரு குறை இருந்தது. அறிவிப்பாளர் மாணவி பேசும்போது 'ஸ' வரும் இடமெல்லாம் சீறியது. மைக்கை மாற்றினோம், இருக்கையை நகர்த்தினோம். எக்சைட்டரின் அமைப்புகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தபோதுதான் காரணம் கிடைத்தது. எஃப்.எம். ஒலிபரப்பில் உயர்சுருதிகளைத் தூக்கி அனுப்புவார்கள். வானொலிப் பெட்டி அதே அளவு இறக்கிக் கொடுக்கும். இந்தியாவில் அந்த அளவு 50 மைக்ரோ வினாடி. எங்கள் கருவி அமெரிக்க அளவான 75-இல் இருந்தது. மாற்றியதும் குரல் இயல்பானது.

சோதனை ஒலிபரப்பின் ஐந்தாம் நாள் விடியற்காலையில் ஆம்ப்ளிஃபயர் தானாகவே திறனைக் குறைத்துக்கொண்டது. திரும்பி வருவது ஆறு வாட். திரும்பும் அலையின் அளவைக் காட்டும் நிலையலை விகிதம் இரண்டைத் தாண்டிவிட்டது; ஒன்றுதான் சரியான நிலை. பதினொரு மணிக்குப் பார்த்தால் எல்லாம் சரி. மறுநாள் விடியலில் மறுபடியும் அதே கதை. எச்சரிக்கை வரம்பைச் சற்று ஏற்றி வைத்தால் போதும், காலையில் நின்றுபோகாது என்று ஒரு யோசனை வந்தது. அதை நான் ஏற்கவில்லை. கீழே காட்டும் ஆறு வாட் முழு உண்மையும் அல்ல. திரும்பி வரும் அலையும் அதே 40 மீட்டர் கேபிளைக் கடந்துதான் வருகிறது, வழியில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துதான் மீட்டரைத் தொடுகிறது. மேலே நிலைமை இன்னும் மோசம்.

மாணவர்களை மணிக்கு ஒரு முறை குறித்துவைக்கச் சொல்லியிருந்தேன். அந்த நோட்டுத்தான் வழி காட்டியது. நள்ளிரவு வரை 0.4. இரண்டு மணிக்கு மேல் ஏறத் தொடங்கி, ஆறு மணிக்கு உச்சம். வெயில் ஏற ஏற இறக்கம். கடலிலிருந்து வரும் பனி ஈரம் எங்கோ உள்ளே இறங்கி, வெயிலில் காய்ந்துகொண்டிருக்கிறது. ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி, பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகு அண்ணாச்சியை ஏறச் சொன்னேன். மேல் டைபோலுக்குச் செல்லும் இணைப்புக் கேபிளின் கனெக்டரைப் பிரித்ததும் கீழே குனிந்து கத்தினார்: "தம்பி, உள்ளே பச்சை பூத்திருக்கிறது!"

உப்பீரத்தில் செம்பு களிம்பேறியிருந்தது. தவறு என்னுடையது. ரப்பர் நாடா சுற்றி அதன்மேல் பிளாஸ்டிக் நாடா சுற்றும் முறையைத் தரையில் வைத்து அவருக்குக் காட்டியவன் நான். கடைசிச் சுற்றை மேலிருந்து கீழாகச் சுற்றிக் காட்டியிருந்தேன். இறங்கி வந்து அந்த நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாச்சி சொன்னார்: "நீங்கள் சொன்னபடிதான் சுற்றினேன் தம்பி. ஆனால் ஓலை வேயும்போது இறவாரத்தில் தொடங்கித்தானே மேலே போவோம்? மேல் ஓலை கீழ் ஓலையின் மேல் படிந்தால்தானே தண்ணீர் வழியும்?" மேலிருந்து சுற்றியதால் ஒவ்வொரு மடிப்பும் மேல்நோக்கித் திறந்திருந்தது, வழிந்த பனியெல்லாம் அந்த மடிப்புகளில் இறங்கியிருக்கிறது. ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே அவருக்கு அது உறுத்தியிருக்கிறது. படித்தவர் சொல்கிறாரே என்று பேசாமல் இருந்துவிட்டார். அன்றைக்கு நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

கனெக்டரைப் புதிதாகப் போட்டோம். மீதமிருந்த ஐந்து இணைப்புகளையும் பிரித்து, துடைத்து, கீழிருந்து மேலாக அவரே சுற்றினார். கேபிள் அறைக்குள் நுழையும் இடத்தில் ஒரு தொய்வு வளைவு விட்டு, தண்ணீர் அங்கேயே சொட்டும்படி செய்தார். அதையும் அவர்தான் சொன்னார்.

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இரவெல்லாம் கொட்டித் தீர்த்தது. அடிக்கடி மின்சாரம் போய் வந்தது. ஐந்து மணிக்கு நான் அறைக்குப் போனபோது, காலை ஒலிபரப்புக்காக வந்திருந்த மாணவி நனைந்த குடையோடு ரேக்கின் முன்னால் நின்று எண்களைக் குறித்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் அண்ணாச்சியின் தொலைபேசி அழைப்பு.

"தம்பி, எவ்வளவு காட்டுகிறது?"

"0.4, அண்ணாச்சி."

"மழை விட்டதும் ஏறிப் பார்க்கலாம் என்று வாரை எடுத்து வைத்திருந்தேன். அப்படியானால் வேண்டாம். இங்கே கடையில் உங்கள் பாட்டுத்தான் ஓடுகிறது, தெளிவாகக் கேட்கிறது" என்று சொல்லி வைத்துவிட்டார்.