லீஸ் முடிகிறது, வண்டியை என்ன செய்வது?

இது 2022இல் எழுதியது. 2019இல் எடுத்த எங்கள் ஹோண்டா சிஆர்-வி காரின் மூன்று வருட லீஸ், அதாவது மாதாமாதம் பணம் கட்டி ஓட்டும் நீண்டகால வாடகை, அடுத்த மாதம் முடிகிறது. திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுப்பதுதான் இங்கே நியூ ஜெர்சியில் எங்கள் வட்டத்து வழக்கம். இந்த முறை கணக்கு வேறு.

லீஸ் முடிவில் நாமே வாங்கிக்கொள்வதற்கான விலையை ஒப்பந்தம் போடும்போதே எழுதிவிடுவார்கள். எங்களுக்கு 17,000 டாலர். காருக்கான கணினிச் சிப் தட்டுப்பாட்டால் புது வண்டிகள் குறைந்து, பழைய வண்டிகளின் விலை ஏறிக் கிடக்கிறது. இதே மாடல் வெளியே 25,000க்குப் போகிறது. ஒப்பந்தப்படி 36,000 மைல் ஓட்டலாம். கோவிட்டில் வீட்டிலிருந்தே வேலை என்பதால் அதில் பாதிகூட ஓடவில்லை. ஓட்டாத மைலுக்குக் காசு திரும்பி வராது. கூட ஓட்டியிருந்தால் மட்டும் மைலுக்கு இத்தனை சென்ட் என்று கறந்துவிடுவார்கள்.

டீலர் விடாமல் போன் செய்கிறார். கீறல் எதையும் பார்க்க மாட்டாராம், சாவியைக் கொடுத்தால் போதுமாம். இருக்காதா பின்னே, அந்த 8,000 அவருக்கல்லவா போகும்! வேறு டீலரிடம் நேரடியாகத் தள்ளிவிடலாம் என்றால், லீஸ் கொடுக்கும் பல நிதி நிறுவனங்கள் 2021இலிருந்து அதைத் தடுத்துவிட்டன.

சரி, நாமே வாங்கிவிடுவது என்று முடிவு. 6.625 சதவீத விற்பனை வரி தனி. மனைவிக்குத்தான் வண்டியின் நிறம் பிடிக்கவில்லை. இன்னும் நாலு வருடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.