கொழுக்கட்டைப் புல் பிடுங்கும் வேலை

"இதைத்தான் பிடுங்கணும்" என்று கமி பாட்டி காட்டிய புல்லைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. கொழுக்கட்டைப் புல். காங்கேயத்தில் எங்கள் கொரங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம், முழுக்க நிற்பது அதேதான். அதைத் தின்று வளர்ந்த மாடுகளால்தான் எங்கள் வீட்டில் உலை கொதித்தது. இங்கே அதற்குப் பெயர் பஃபல், முதல் நம்பர் எதிரி.

இடம் ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் உலுரு. அந்தப் பெரிய செம்பாறை நிற்கும் தேசியப் பூங்கா. ரேஞ்சர் வேலைக்குப் பழகும், இந்த மண்ணின் பூர்வகுடிகளான அனங்கு பிள்ளைகளுக்குச் சான்றிதழ் பாடம் நடத்த ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து ஐந்து மணி நேரம் வண்டி ஓட்டி வருவேன். 1985-ல் இந்த மண் அனங்கு மக்களிடம் திரும்பி வந்தது. வந்த கையோடு 99 வருடக் குத்தகைக்கு அரசிடமே போனது. குத்தகை என்றால் நமக்குத் தெரியாதா? ஆனால் இது வேறு மாதிரி. பூங்காவை நடத்தும் வாரியத்தில் 12 பேர், அதில் 8 பேர் நிலத்துக்காரர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு வேலையும் பயிற்சியும் தர வேண்டும் என்பதும் குத்தகையிலேயே உண்டு. அந்த நிபந்தனையில்தான் என் சம்பளமும் ஓடுகிறது.

கமி என்றாலே அவர்கள் மொழியில் பாட்டிதான். அவர் தரையில் உட்கார்ந்தபடியே பாடம் எடுப்பார். எந்தப் புல் விதையை அரைத்து ரொட்டி சுட்டார்கள், எந்தப் பருவத்தில் எங்கே சின்னச் சின்னதாகத் தீ வைத்தார்கள் என்று. பஃபல் வந்த பிறகு அந்தக் கணக்கெல்லாம் குலைந்துவிட்டது. அது எரிந்தால் மரத்தையும் சேர்த்து எரிக்கும். எரிந்த இடத்தில் மறுபடி அதுவே முந்திக்கொண்டு முளைக்கும். ஒட்டகச் சேணத்துக்குள் திணித்த வைக்கோலோடு முதலில் வந்ததாம். பின்னால் மேய்ச்சலுக்கென்று ஆட்களே விதைத்தார்கள். 2024-ல்தான் இந்தப் பகுதியை ஆளும் வடக்குப் பிரதேச அரசு அதைக் களை என்று அறிவித்தது.

என் பங்கு மருந்து கலக்கும் அளவும் வருகைப் பதிவும். அந்தப் பதிவேட்டின் மேல் எனக்குத் தீராத கடுப்பு. ஊரில் ஒரு சாவு விழுந்தால் பையன்கள் வாரக்கணக்கில் வர மாட்டார்கள். என் தாளில் அதற்குக் கட்டமே இல்லை; 'வரவில்லை' என்று மட்டும்தான் போடலாம். எழவு வீட்டுக்குப் போனவனுக்கு ஆப்சென்ட் போட என் கை வரவில்லை. ஓரத்தில் பென்சிலால் 'துக்கம்' என்று தமிழில் எழுதி வைக்கிறேன். மேலதிகாரி அதை ஏதோ கணக்குக் குறி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அப்பாவிடம் போனில் சொன்னேன். "புல்லைப் புடுங்கறதுக்கா கண்ணு சம்பளம்?"

"ஆமாங்கப்பா. அதுவும் நம்ம கொழுக்கட்டைப் புல்லுங்க."

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "இங்க மழையே இல்ல, புல்லு கருகிப்போச்சு. அனுப்பி வுடு" என்றார்.

நான்கு வருடமாகிறது. வெயிலும் ஈயும் பழகிவிட்டன. இதுதான் என் ஊர் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தப் புல்லை முறித்தால் வருகிற வாசனை இருக்கிறதே, கிளுவை வேலி, வெள்வேல மர நிழல், படலைத் திறக்கும் அம்மா எல்லாம் வந்து நின்றுவிடும். போன வாரம் அப்படித்தான். களைக்கொத்தால் தோண்டி எடுத்ததை விதை சிந்தாமல் பையில் போட்டுக் கட்ட வேண்டும். நான் பாட்டுக்கு ஒரு பிடியைத் தாளால் சுற்றிக் கட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வண்டியை நோக்கி நடந்திருக்கிறேன்.

பின்னால் பையன்கள் சிரித்தார்கள். கமி சிரிக்கவில்லை. "உன் மாடு எங்கே நிக்குது?" என்று கேட்டார்.